கறுத்துப்போன புல்லட்டுகள்: ரீலோடிங்குக்கு முன் எவ்வளவு சுத்தம் தேவை?

குறிமுள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் கிளப்பில் மூத்தவர் ஒருவர் கண் பார்வை மங்கியதால் சுடுவதை நிறுத்திவிட்டார். பிரஸ், டை, தராசு எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டார். ரீலோடிங் (காலி கேஸில் மருந்தும் புல்லட்டும் வைத்துத் தோட்டா செய்வது) உரிமம் என்னிடம் முறைப்படி இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. சிக்கல், கூடவே வந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே முழுக்க புல்லட்டுகள். லோடு செய்த ரவுண்டுகள் (முழுத் தோட்டாக்கள்) அல்ல, கேஸில் (பித்தளைக் குழலில்) பொருத்தாத வெறும் புல்லட்டுகள் மட்டும்.

மூன்று வகை இருக்கிறது. முதலாவது .308 அளவு, 168 கிரெயின் எடை, ஹாலோ பாயிண்ட் போட் டெயில் (நுனியில் ஓட்டை, அடிப்பக்கம் குறுகலானது). அட்டைப்பெட்டியில் அடுக்கியபடியே இருக்கிறது. மேல் வரிசை லேசாகப் பழுப்பேறியிருக்கிறது, அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த அடி வரிசை நன்றாகவே கறுத்துவிட்டது, அங்கங்கே பச்சைப் புள்ளி. இரண்டாவது, .38 ரிவால்வருக்கான 158 கிரெயின் வார்ப்பு ஈய புல்லட். அதன்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. மூன்றாவது, பழைய ராணுவ ரவுண்டுகளிலிருந்து பிடுங்கிய புல்லட்டுகள், ஒரு துணிப்பை நிறைய. அடிப்பாகத்தில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருக்கிறது.

வினிகரில் உப்புப் போட்டு ஊறவைத்தால் செம்பு பளிச்சென்று ஆகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். பித்தளை பாலிஷ் போடு என்கிறார் இன்னொருவர். டம்ப்ளர் மெஷினில் (தூளோடு உலுக்கித் தேய்க்கும் மெஷின்) கேஸோடு சேர்த்துப் போட்டுவிடலாமா? அப்படியே விட்டால் பேரல் கெட்டுவிடுமா?

---

ஞாயிறு_ரேஞ்ச் எழுதியது:

கறுப்பு ஒன்றும் பண்ணாது ப்ரோ. துணியால் துடைத்து லோடு பண்ணிச் சுடுங்கள். பேப்பருக்குப் பளபளப்பு தெரியப்போவதில்லை. பச்சை இருந்தால் தூக்கிப் போடுங்கள். இதற்குப் போய் மெஷின், ஆசிட் எல்லாம் எதற்கு?

---

முலாம்பட்டறை எழுதியது:

தம்பி குறிமுள், ஞாயிறு சொன்னதுல முக்கால்வாசி சரி. மீதி காலுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். நான் முலாம் பூசற பட்டறையில வேலை பார்த்தவன். செம்பையும் பித்தளையையும் ஆசிட் தொட்டியில முக்கி எடுக்கறதுதான் பொழைப்பு. அதனால புல்லட்டை எடுத்தாலும் முதல்ல கண்ணுல படறது மேல்தோல்தான்.

உன்கிட்ட இருக்கற .308 புல்லட்டோட ஜாக்கெட், அதாவது ஈயத்துக்கு மேல இருக்கற உறை, சாதாரணமா 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்தது. கேஸ் அப்படி இல்ல, அது 70க்கு 30. இந்த வித்தியாசத்தை மறக்காதே, பின்னாடி வேலைக்கு ஆகும். செம்பு காத்துபட்டா பழுப்பாகும், இன்னும் விட்டா கறுக்கும். அந்தப் படலம் உலோகத்தோட ஒட்டி வளர்ந்த ஆக்சைடு, மைக்ரோமீட்டர் வச்சு அளந்தாக்கூட அளவுல மாற்றம் தெரியாது. பேரல் எஃகுக்கு முன்னாடி அது ஒரு பொருட்டே இல்ல. பழுப்பும் கறுப்பும் வெறும் நிறம்.

பச்சை அப்படியில்ல. அது களிம்பு. ஈரமும் அமிலமும் சேர்ந்து உலோகத்தைத் தின்ன ஆரம்பிச்சதோட அடையாளம். அட்டையைத் தொட்டுக்கிட்டிருந்த வரிசை மட்டும் மோசமாயிருக்குன்னு நீயே எழுதியிருக்கே பாரு, காரணம் அங்கதான் இருக்கு. சாதா அட்டையில அமிலம் உண்டு, ஈரத்தையும் உறிஞ்சி வச்சுக்கும். தோல் பெல்ட்ல செருகி வச்ச ரவுண்டுல பச்சை ஏறறதும் இதே கதைதான், தோல் பதனிடற சரக்கோட வேலை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தா அதுல இருக்கற கந்தகத்தால கறுப்புக் கோடு விழுந்திருக்கும், அதையும் பாரு.

பச்சை இருக்கறதையெல்லாம் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு புல்லட்டை எடு. உலர்ந்த பருத்தித் துணியால அந்தப் புள்ளியை அழுத்தித் துடை. பச்சை போனதும் அந்த இடத்துல கட்டைவிரல் நகத்தை மெதுவா இழு. நகம் வழுக்கிக்கிட்டுப் போனா வெறும் கறை, அது பயிற்சிக்குத் தாராளமா ஆகும். நகம் எங்கேயாவது தட்டுச்சுன்னா குழி விழுந்திருக்கு. பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் இருந்தா வச்சுப் பாரு, குழியோட ஓரம் சொரசொரன்னு கண்ணுக்கே தெரியும். குழி விழுந்தது குப்பைக்கு. ஜாக்கெட் மெலிஞ்சுபோன புல்லட் சுழற்சி வேகத்துல எப்படி நடந்துக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. எடை சமநிலையும் போயிருக்கும். குழி சின்னதா இருந்தா தராசுல எடை வித்தியாசம்கூடக் காட்டாது, அதனால தராசை நம்பாதே, நகத்தை நம்பு.

இப்ப சுத்தம் பண்றது. வினிகர், உப்பு ரெண்டையும் மறந்துடு. நான் ஆசிட்டுக்கு எதிரி இல்ல, சோறு போட்டதே அதுதான். ஆனா உன் புல்லட்டோட மூக்கைப் பாரு. ஹாலோ பாயிண்ட்னா நுனியில ஓட்டை, ஓட்டைக்குள்ள ஈயம். வினிகர் உள்ளே போனா ஈயத்தோட சேர்ந்து ஈய அசிடேட் ஆகும். அது தண்ணியில கரையற விஷம். அதுவும் போக, அந்த ஊசித்துளைக்குள்ள புகுந்த தண்ணி லேசுல வெளிய வராது. வெளிப்பக்கம் காஞ்சிருச்சுன்னு நம்பி லோடு பண்ணுவே, உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். நுனியில ஈயம் வெளிய தெரியற சாஃப்ட் பாயிண்டுக்கும் இதே பிரச்சனை. ராணுவ ஃபுல் மெட்டல் ஜாக்கெட்லயும் பெரும்பாலும் அடிப்பாகம் திறந்துதான் இருக்கும், அங்கேயும் ஈயம் வெளிய தெரியும். அப்புறம் ஆசிட்டுக்குன்னு மிச்சம் என்ன? முழுக்கச் செம்பால கடைஞ்ச புல்லட் மட்டும்தான். அதுலயும் ஓட்டை இருக்கக் கூடாது. அதுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், சில நிமிஷம் போதும். அப்புறம் சோடா மாவுத் தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி, அப்புறம் துணியில பரப்பி முழுசாக் காயணும். உன் பெட்டியில அந்த ரகமே இல்ல, விடு.

உனக்கு ஏத்தது உலர் டம்ப்ளிங். வைப்ரேட்டரி டம்ப்ளர்ல மக்காச்சோளத் தக்கைத் தூள் போடு. வால்நட் ஓட்டுத் தூள் கொஞ்சம் முரடு, கேஸுக்குச் சரி, இதுக்கு வேண்டாம். பாலிஷ் எதையும் ஊத்தாதே. புல்லட் கனமானது. தூள் கம்மியா இருந்தா ஒண்ணோட ஒண்ணு மோதி மூக்கு நசுங்கும். அதனால தூள் நிறைய, புல்லட் கொஞ்சம். இருபது நிமிஷம் ஓட்டி ஒண்ணை எடுத்துப் பாரு, போதலைன்னா இன்னொரு பத்து. புத்தம்புதுசு மாதிரி மின்னணும்னு காத்திருக்காதே. கை வச்சா கறுப்பு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான் தேவை.

எடுத்த பிறகுதான் பலர் கோட்டை விடற வேலை இருக்கு. ஒவ்வொரு புல்லட்டா வெளிச்சத்துல தூக்கி மூக்கோட்டையைப் பாரு. தக்கைத் துணுக்கு ஒண்ணு அடைச்சுக்கிட்டு நிக்கும். குண்டூசியால தட்டி எடு. ஸ்டீல் பின் போடற ஈர டம்ப்ளர்ல புல்லட்டைப் போடவே போடாதே. பின் ஜாக்கெட்டைக் கொத்தும், மூக்குல சிக்கினா எடுக்கறது பெரும்பாடு.

பித்தளை பாலிஷ் பத்தி: மூடியைத் திறந்து மோந்து பாரு. மூக்கை அறுத்தா அதுல அம்மோனியா இருக்கு. வேண்டாம். அம்மோனியா இல்லாத பாலிஷ்லயும் உரசற தூள் உண்டு. அது புல்லட்டைச் சுத்தி இருக்கற கேனலூர் பள்ளத்துல போய் உட்கார்ந்துக்கும். அங்கேருந்து புல்லட்டைக் கேஸுக்குள்ள அழுத்தற சீட்டிங் டைக்குப் போகும், அப்புறம் பேரலுக்குப் போகும். கறுப்பால பேரல் தேயாது, அந்தத் தூளால தேயும்.

ஈயத்தையும் துணிப்பையையும் பத்தித் தனியா எழுதறேன். அதுவரைக்கும் அந்த வெள்ளையை ஊதிக்கீதி பார்த்துடாதே.

---

பீக்கர்_அக்கா எழுதியது:

முலாம்பட்டறை அண்ணா அம்மோனியாவை ஒரு வரியில் கடந்துவிட்டார், அதை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன். நான் வேதியியல் ஆசிரியை, வார இறுதியில் .308 பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கிவைத்துச் சுடுவது).

ஜாக்கெட்டில் துத்தநாகம் 5 சதவீதம்தான் என்பதால் அம்மோனியாவால் புல்லட்டில் அவ்வளவாக விரிசல் விழாது. ஆபத்து கேஸுக்குத்தான். பித்தளையில் துத்தநாகம் 15, 20 சதவீதத்தைத் தாண்டினால், உள்ளே இழுவிசை இருக்கும் இடத்தில் அம்மோனியா பட்டதும் விரிசல் விடும். கேஸின் கழுத்து புல்லட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே இழுவிசையால்தான். அம்மோனியா தடவிய புல்லட்டை அதே கழுத்துக்குள் அழுத்திவிட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எந்த இடம் ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறதோ, சரியாக அங்கேயே மருந்து தடவிய மாதிரி.

இது புதிதாகக் கண்டுபிடித்த பயம் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை முடிந்து எடுத்தால் கேஸ்களில் விரிசல். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அதனால்தான் இதற்கு இன்றுவரை பருவ விரிசல் என்றே பெயர்.

வினிகரில் உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அது சட்டென்று வேலை செய்வது உண்மை, பழுப்பு கண்ணெதிரே கரையும். ஆனால் உப்பிலிருக்கும் குளோரைடு செம்பின் மேல் தங்கிவிட்டால், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் களிம்பு மறுபடி கிளம்பும். விரல் வியர்வையிலும் அதே உப்புத்தான். சுத்தம் செய்த பிறகு வெறுங்கையால் எடுத்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், கையுறை போடுங்கள்.

---

குறிமுள் எழுதியது:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நகம் வைத்துப் பார்த்துவிட்டேன். கறுத்தவற்றில் பெரும்பாலானவை வழுக்கிக்கொண்டு போகின்றன. அடி வரிசையில் ஒரு கைப்பிடி மட்டும் தட்டியது, அதைத் தனியே ஒதுக்கிவிட்டேன்.

இப்போது துணிப்பையைக் கொட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை செம்பு நிறம்தான், ஆனால் காந்தத்தில் ஒட்டுகின்றன! சிலவற்றின் நுனியில் மங்கலாகப் பச்சை. களிம்பு என்று நினைத்துத் துடைக்கப் போனேன், அது பெயிண்ட் மாதிரி இருக்கிறது. ஒன்றிரண்டில் கறுப்பு நுனி. இதையும் டம்ப்ளரில் போடலாமா?

---

முலாம்பட்டறை எழுதியது:

துணியைக் கீழே வை தம்பி. நல்லவேளை கேட்டே.

நுனியில இருக்கற பெயிண்ட் அழகுக்குப் பூசினது இல்ல, புல்லட்டுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ற அடையாளம். நேட்டோ வழக்கத்துல கறுப்பு நுனின்னா கவசம் துளைக்கறது. ஆரஞ்சோ சிவப்போ இருந்தா டிரேசர், அதாவது பின்பக்கம் எரியற மருந்து அடைச்சது. அமெரிக்காவோட பழைய .30ல நீலம்னா தீப்பிடிக்கவைக்கற ரகம். பச்சையிலதான் பெரிய வம்பு. 5.56 எம்855ல பச்சை நுனின்னா உள்ளே எஃகு முனை வச்ச சாதாரண புல்லட். அதே பச்சை சோவியத் 7.62x39ல இருந்தா டிரேசர். ஒரே நிறம், ஒண்ணு சாதா, ஒண்ணு நெருப்பு. எந்த நாட்டுச் சரக்கு, எந்த அளவுன்னு உறுதியாத் தெரியாம நிறத்தை வச்சு மட்டும் முடிவு கட்ட முடியாது.

இதை டம்ப்ளர்ல போட்டா என்ன ஆகும்னு பாரு. பெயிண்ட் அழிஞ்சு எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு வந்து நிக்கும். அதுக்கப்புறம் எது டிரேசர், எது சாதான்னு கடவுளுக்குத்தான் தெரியும். எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டி, காஞ்ச புல்லு இருக்கற ரேஞ்சுல ஒருத்தர் சுட்டா ரேஞ்சே பத்திக்கும். புல்லட்டைச் சுத்தம் பண்றதுல உண்மையாவே ஆபத்தான இடம்னு நான் சொல்றது இதைத்தான். ஆசிட், பாலிஷ் எல்லாம் அதுக்கப்புறம்.

நிறம் பூசினது எதுவானாலும் தனியா எடு. கழுவாதே, சூடு காட்டாதே, சுரண்டிப் பார்க்காதே. டிரேசர் மருந்து பழசாகி ஈரம் குடிச்சிருந்தா எப்படி இருக்கும்னு நாம சோதிச்சுப் பார்க்க வேண்டியதில்ல. கிளப் ஆயுதப் பொறுப்பாளர்கிட்டயோ போலீஸ்கிட்டயோ சொல்லி ஒப்படை. பல நாடுகள்ல இந்த ரகங்களைத் தனியார் வச்சிருக்கறதே சட்டப்படி குத்தம். பெட்டியைக் கொடுத்தவரையும் கூப்பிட்டு விசாரி, அவருக்கே ஞாபகம் இருக்கலாம்.

நிறம் இல்லாம காந்தத்துல ஒட்டறது, எஃகு ஜாக்கெட் மேல மெல்லிசா செம்பு பூசினதா இருக்கும், இல்ல உள்ளே எஃகு இருக்கும். செம்பு பூச்சு மெல்லிசு. நீ தேய்க்கத் தேய்க்க அது போயிடும், அடியில இருக்கற எஃகு துருப்பிடிக்கும். ஏற்கெனவே துரு எட்டிப் பார்த்தா கழிச்சுடு. பல ரேஞ்சுகள்ல காந்தத்துல ஒட்டற புல்லட்டுக்கே அனுமதி இல்ல, பின்னாடி இருக்கற தடுப்பைக் கெடுக்கும், தீப்பொறி கிளம்பும். கேட்டுக்கோ. என்னைக் கேட்டா, அந்தப் பையில நிறம் பூசின புல்லட் கலந்திருக்கறதாலயே மிச்சத்தையும் நான் லோடு பண்ண மாட்டேன். எது பெயிண்ட் உதிர்ந்துபோனது, எது பெயிண்டே பூசாதது? யாருக்குத் தெரியும்? அந்தத் தார் பத்திக் கேட்டேல்ல, அது கேஸ் வாய்க்குள்ள ஈரம் போகாம அடைக்கற சீலண்ட். வேற நம்பகமான புல்லட்ல அது இருந்தா அசிட்டோன் நனைச்ச துணியால துடைச்சா வந்துடும். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. இந்தப் பைக்கு அந்த வேலையே வேண்டாம்.

இனி ஈயம். வெள்ளையாப் பூத்தது ஈய கார்பனேட். மரப்பெட்டியில இருந்துச்சுன்னு சொன்னே. பல மரங்கள்லேருந்து, குறிப்பா ஓக் மாதிரி மரத்துலேருந்து, அசிட்டிக் ஆசிட் ஆவி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். மூடின பெட்டிக்குள்ள அது ஈயத்தை அரிச்சு இப்படித்தான் வெள்ளையாக்கும். இந்தத் தூள் மூச்சுலயும் வாயிலயும் போகக் கூடாது. உலர் பிரஷ் கூடாது, டம்ப்ளர் கூடாது, ஊதவும் கூடாது. கையுறை போட்டு, மினரல் ஆயில் தொட்ட பேப்பர்ல ஒவ்வொண்ணா துடைச்சு, அந்தப் பேப்பரை மூடற கவர்ல போட்டுக் கட்டு. லேசான பூப்பா இருந்தா துடைச்சதும் சாம்பல் நிற ஈயம் தெரியும். அப்புறம் எண்ணெயை நல்லா எடுத்துடு, அடிப்பாகத்துல எண்ணெய் நின்னா பவுடரையும் ப்ரைமரையும் (பவுடரைப் பத்தவைக்கற மூடி) கெடுக்கும். விட்டத்தை அளந்து பாரு, .358 அங்குலத்துக்குப் பக்கத்துல இருக்கணும். கிரீஸ் பள்ளத்துல பழைய மசகு காஞ்சு உதிர்ந்திருந்தா புதுசா போடணும். கெட்டியா, செதில் செதிலா வெள்ளை ஏறியிருந்தா துடைச்சுக்கிட்டு மெனக்கெடாதே. வார்ப்பு வேலை தெரிஞ்சவர்கிட்ட கொடு, அவர் உருக்கிக்குவார்.

வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணியில கை கழுவு. சமையல் அறை மேடையில இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

---

ஞாயிறு_ரேஞ்ச் எழுதியது:

நிறம் பூசிய நுனி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. "துடைத்துச் சுடுங்கள்" என்று சொன்னது அந்த .308 புல்லட்டுகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் ப்ரோ.

ஒரு சந்தேகம் அண்ணே. டம்ப்ளர் போட்டதையும் போடாததையும் கலந்து லோடு பண்ணினால் குரூப் (டார்கெட்டில் குண்டுகள் விழும் கொத்து) விரியுமா?

---

பீக்கர்_அக்கா எழுதியது:

நான் கலக்க மாட்டேன். நிறத்துக்காக அல்ல, உராய்வுக்காக. பளபளப்பாக்கிய புல்லட்டும் கறுத்த புல்லட்டும் கேஸ் கழுத்துக்குள் இறங்கும்போது பிரஸ் கைப்பிடியில் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று நழுவும், ஒன்று பிடிக்கும். கழுத்தின் பிடி மாறினால் புல்லட் பேரல் வாயை விட்டுக் கிளம்பும் வேகமும் கொஞ்சம் மாறும். 100 மீட்டரில் கண்டுகொள்ளாமல் போகலாம், தூரம் கூடக் கூட உயரத்தில் சிதறல் தெரியும். குறிமுள், அந்த 168 கிரெயின் புல்லட்டுகளை ஒரே தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புது பெட்டி வாங்கினால் அதோடு சேர்க்காதீர்கள், மருந்தின் அளவையும் மறுபடி கீழிருந்து தொடங்கி ஏற்றிப் பாருங்கள்.

பிறகு அந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்ப அடுக்காதீர்கள்! இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். பழைய லேபிளை மட்டும் வெட்டியெடுத்து டப்பாவின் வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

---

குறிமுள் எழுதியது:

பெயிண்ட் நுனிப் பை கிளப் பொறுப்பாளரிடம் போய்விட்டது. கொடுத்தவரிடமும் பேசினேன். அது அவருக்கே வேறொருவர் தந்ததாம், திறந்து பார்த்ததே இல்லையாம். ஈயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. என்னிடம் இருக்கும் தக்கைத் தூள் ஏற்கெனவே கேஸ்களுக்குப் பயன்படுத்தியது. கறுத்துப் போயிருக்கிறது, ஆனால் இன்னும் வேலை செய்கிறது. அதையே புல்லட்டுகளுக்கும் போடலாமா?

---

முலாம்பட்டறை எழுதியது:

போடாதே. அந்தக் கறுப்புல பாதி, சுட்ட கேஸ்லேருந்து வந்த ப்ரைமர் கரி. அதுலயும் ஈயம் இருக்கு. சுத்தம் பண்றேன்னு அதையே புல்லட் மேல பூசற மாதிரி ஆயிடும், மூக்கோட்டையில வேற போய் அடைச்சுக்கும். புதுத் தூள், தனிச் சல்லடை. பழைய தூளைக் கொட்டறதுக்கு முன்னாடி, துணி உலர்த்தற மெஷினுக்கான ஷீட் ஒண்ணைக் கிழிச்சு ஓடற டம்ப்ளர்ல போட்டு அஞ்சு நிமிஷம் விடு, தூசி அதுல ஒட்டிக்கும். வெட்டவெளியில, காத்து முதுகுப்பக்கம் இருக்கற மாதிரி நின்னு, முகமூடி போட்டுக்கிட்டு செய். புதுத் தூள் டப்பா மூடியில மார்க்கரால "புல்லட் மட்டும்"னு எழுதிடு. ரெண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா எப்பவாவது கை மாறும்.